நாலாவது ஆள்

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டியவர்கள் யாரும் "இது யாரு?" என்று கேட்காமல் அதை மூடியதில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், அப்பா, அம்மா, நான். படங்களிலோ நாலு பேர் இருப்பார்கள். மைசூர் மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் எங்களோடு விறைப்பாக நிற்பவர் மண்டியாவிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வந்த ஒரு வாத்தியார். சாமுண்டி மலை நந்திக்குப் பக்கத்தில் அம்மாவின் தோளை உரசாமல் ஒதுங்கி நிற்பவள் அங்கே கற்பூரம் விற்கிறவள். என் முதல் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருப்பவர், அந்த நேரம் பார்த்து மீட்டர் ரீடிங் எடுக்க வந்த கரண்ட் ஆபீஸ்காரர். கேக் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம்.

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் அதில் ஒருவருக்கு ஆகாது என்பது அம்மாவின் தீர்மானமான கருத்து. அதற்குச் சாட்சியும் வைத்திருந்தாள். அவளுடைய மாமன்கள் மூன்று பேர் கொள்ளேகாலில் ஒரு ஸ்டூடியோவில் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாற்பதாம் நாள் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். "யாரு? நடுவுல நின்னவரு!" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு நிமிஷம் நிறுத்துவாள். அப்பா இதையெல்லாம் கேலி செய்வார். ஆனால் கேமராவைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் தேடி ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறவரும் அவர்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தை கனடாவிலிருந்து வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டு அவள் கனடா போனதிலிருந்து எட்டு வருஷமாக அப்பா அவளோடு பேசுவதில்லை. அம்மா மட்டும் போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருப்பாள். அத்தையை அழைத்ததும் அம்மாதான். ஒரு புதன்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்று, இரண்டு பெட்டியும் ஒரு கேமரா முக்காலியுமாக அவள் இறங்கிய பிறகுதான் அப்பாவுக்கு விஷயமே தெரியும். அப்பா அன்று இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார், ஷூ லேஸைக் கட்டினார், கம்பெனி பஸ் ஏறப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எனக்குத் தபால்காரி வேலை. "அம்மிணி, உங்கத்தைக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பார் அப்பா. அத்தை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பாள். "வேணும்னு சொல்லு அம்மிணி" என்பாள். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, இருவரும் கேட்டுவிட்டதை இன்னொரு முறை சொல்வேன். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

அத்தை படம் எடுக்கிறவள். கல்யாணத்துக்கு எடுப்பது மாதிரி இல்லை. ஊரை விட்டு வந்தவர்கள் எதை வீடு என்று சொல்கிறார்களோ, அதன் முன்னால் அவர்களை நிற்க வைத்து எடுப்பாளாம். மலேசியாவில் எடுத்தாளாம், லண்டனில் எடுத்தாளாம். இப்போது கௌதள்ளி, கொள்ளேகால் பக்கமிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்களை எடுக்கப் போகிறாள். நாங்களும் கௌதள்ளிக்காரர்கள்தான், ஆகவே நாங்களும் அதில் சேர்த்தி. காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது அவளும் கிளம்புவாள், சாயங்காலம் திரும்பி வருவாள். என்ன எடுத்தாள் என்று பார்க்க முடியாது. அது பிலிம் போட்ட பழைய காலத்துப் பெட்டிக் கேமரா. கழுவிப் பிரிண்ட் போட்டால்தான் உருவம் தெரியும்.

"வாடகை வீட்டை எப்படி வீடுன்னு சொல்றது? ஓனரம்மா கேட்டா என்ன நெனப்பாங்கன்னு கேளு" என்றார் அப்பா, என்னிடம்.

"அவங்க சொவரை ஒண்ணும் தூக்கிட்டுப் போக மாட்டேன்னு சொல்லு" என்றாள் அத்தை. பிறகு அம்மாவைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம காலைல எடுக்கலாம் அண்ணி, வாசல்லயே. பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் வேண்டாம். நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்" என்றாள்.

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். நம்ம வீட்டு ஆட்கள் என்றால் மூன்று பேர். அம்மாவைப் பார்த்தேன். அவள் முகமும் சரியில்லை.

அடுப்படிக்குள் அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தாள். "ஏனுங்க, மூணு பேரா நிக்கச் சொல்றாளே. வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் எப்படி அவகிட்டச் சொல்றது? நீ சொல்லு."

"அவ படிச்சவ, வெளிநாட்டுல இருக்கறவ. இதைப் போய்ச் சொன்னா சிரிக்க மாட்டாளா? இத்தன வருஷங் கழிச்சு வந்திருக்கறா, அதைக் கெடுத்துக்கோணுமா?"

அப்பா பேசாததாலும் அம்மா பேச வெட்கப்பட்டதாலும் எங்கள் மூன்று பேரில் ஒரு உயிர் போகப் போகிறது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. யார் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் அப்பாவைத்தான் நினைத்தேன். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் அப்பா பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் முன்புதான் அந்த மெஷின் அவருடைய சுண்டுவிரல் நுனியைக் கடித்ததில் மூன்று தையல் போட்டிருந்தார்கள். படம் எடுக்காமலேயே விரலைக் கடித்த மெஷின், படம் எடுத்தால் என்ன செய்யாது? வியாழக்கிழமை கணக்கு வகுப்பில் அந்த மெஷினைத் தவிர வேறொன்றும் என் மனதில் ஓடவில்லை. மிஸ் எழுப்பிக் கேட்ட கேள்விக்கு "நாற்பது நாள்" என்று பதில் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

பிறகு மாமன்கள் கதையின் முக்கியமான பகுதி நினைவுக்கு வந்தது. நடுவில் நின்றவருக்குத்தான். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்றால் நடுவில் யார் நிற்பார்கள்? நான் பார்த்த எல்லா வீட்டுப் படங்களிலும் பிள்ளைதான் நடுவில் நின்றது.

வெள்ளிக்கிழமை என் ஸ்கெட்ச் பேனாக்களைப் பக்கத்துப் பெஞ்சு சிநேகிதியிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்கோ" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை, சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டாள். அரைப்பரீட்சை எழுத வேண்டியிருக்காது என்று ஒரு ஆறுதலும் வந்தது. ஆனால் சாயங்காலம் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, இந்தத் தலையைப் பின்ன இன்னும் ஆறு வாரம்தான் என்று தோன்றி அழுதுவிட்டேன். சீப்பு இழுத்துவிட்டது என்று நினைத்து அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள்.

சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தை கூடத்தில் தன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பஞ்சால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போய் எதிரே நின்றேன்.

"அத்தை, மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கக் கூடாது."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நடுவுல நின்னவரு தென்ன மரத்துல இருந்து விழுந்தாரே, அந்தக் கதையா? எனக்கும் தெரியும் அம்மிணி. உங்கம்மா கல்யாணமாயி வந்த புதுசுல சொல்லி நானும் பயந்திருக்கறேன்" என்றாள். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "மூணு பேரா நிக்க வெக்க மாட்டேன். நாலு பேருதான். போதுமா?" என்றாள்.

"நாலாவது யாரு?"

"நாளைக்குப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. பெரியவர்களுக்குக் கூச்சம் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. எதையோ மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாதிப் பயம் போனது. மீதிப் பயம், சொன்ன சொல்லைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்களே என்று என்னோடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. எங்களுடையது ஒரே வரிசையில் ஆறு வீடுகள், பொதுவாக ஒரு குழாய், எதிரே மதில். அத்தை முக்காலியை மதிலோரம் நிறுத்தி, கேமராவை மாட்டியிருந்தாள். எங்கள் கதவுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறிகள் போட்டிருந்தாள். ஓடிப் போய் எண்ணினேன். நாலு! அப்பா நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நாலாவது குறி. கேமராவிலிருந்து நீளமான மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று தரையோடு ஓடி அந்த நாலாவது குறியில் முடிந்தது. அதன் நுனியில், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியில் இருக்குமே, அதுபோல ஒரு உருண்டை. அதை ஒருமுறை அழுத்திப் பார்க்க ஆசையாக இருந்தது. இப்போது விளையாட நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். ஆனால் நாலாவது ஆள் எங்கே?

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தன் குறியில் நின்றார். அம்மா முந்தானையை நாலு தரம் சரிசெய்துகொண்டு அவருக்கு அடுத்து நின்றாள். எனக்குக் குறித்திருந்த இடம் ஓரத்தில். நடுவில் இல்லை! அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. வரிசையில் நாலாவது ஆள் வராமல் போனால் நடுவில் நிற்பது அம்மா.

அத்தை உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், சேலை கட்டிக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து பை வைத்த பேண்ட்டைத் தவிர வேறு எதையும் போடாதவள், அன்றைக்கு அம்மாவிடம் சொல்லி ஊக்கு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். படம் எடுக்கிறவளுக்கு எதற்குச் சேலை? "வெயில் ஏறுது, சீக்கிரம் எடுக்கச் சொல்லு" என்றார் அப்பா. அத்தை மறந்துவிட்டாள். குறியைப் போட்டுவிட்டு ஆளைச் சொல்ல மறந்துவிட்டாள். இப்போது வெளியே வந்து, அடடா என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லை, மூணு பேரே நில்லுங்கள் என்று சொல்லப் போகிறாள். அப்பா பேச மாட்டார். அம்மா வாயைத் திறக்க மாட்டாள்.

அப்போதுதான் தெருமுனையில் "சொப்பூ... சொப்பூ..." என்ற குரல் கேட்டது. கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. தினமும் காலையில் கூடையில் கீரை கொண்டு வருகிறவளுக்கு எங்கள் வரிசையில் சொப்பக்கா என்றுதான் பெயர். அத்தை வயதுதான் இருக்கும் அவளுக்கும். நான் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து, தமிழும் கன்னடமும் கலந்து ஏதேதோ சொன்னேன். போட்டோ என்ற ஒரு சொல்தான் அவளுக்குப் புரிந்தது.

"நானா? பேடம்மா, பேடம்மா" என்று, வேண்டாம் என்கிற மாதிரி கூச்சத்தோடு கையை ஆட்டினாள். ஆனால் காலும் கூடவே வந்தது. கூடையை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்து, கையில் ஒரு கட்டு வெந்தயக்கீரையோடு, நாலாவது குறியின் மேல் நின்றாள். அம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை நன்றி இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான்கு நாளாக யாருக்கும் துணிச்சல் வராத காரியத்தை நான் செய்துவிட்டேன். அப்பா பிழைத்தார், அம்மா பிழைத்தாள், நானும் பிழைத்தேன்.

கதவு திறந்தது. அத்தை அரக்கு நிறச் சேலையில் வந்தாள். தலையில் மல்லிகை வைத்திருந்தாள். படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். சொப்பக்காவைப் பார்த்தாள், அவள் காலடியைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"நாலு பேர் ஆயிட்டோம் அத்தை!" என்று கத்தினேன்.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்டையைச் செருமினார். பிறகு மதிலைப் பார்த்துக்கொண்டு, "எடுக்கச் சொல்லு" என்றார்.

அத்தை குனிந்து, சொப்பக்காவின் காலுக்கடியிலிருந்து அந்த ரப்பர் குழாயை மெதுவாக உருவினாள். உருண்டையோடு சேர்த்து அதைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். சேலை தடுக்க, கேமராவுக்குப் பின்னால் போனாள். "நல்லாருக்கு. எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. கனடாக்காரிக்கு மைசூர்ப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஒரே ஒரு படம்தான் எடுத்தாள். மறுநாள் போய்விட்டாள்.

நாற்பது நாளையும் காலண்டரில் எண்ணினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் ஸ்கெட்ச் பேனாக்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அத்தை பதிமூன்று வருஷம் வரவில்லை. போன மாதம் வந்தாள். மைசூரிலேயே ஒரு பழைய பங்களாவில் அவளுடைய படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரச் சொல்லி அம்மா எத்தனையோ தரம் கூப்பிட்டும், வேலை இருக்கிறது என்று ஓட்டலில் தங்கிக்கொண்டாள். நான் இப்போது ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். லீவு போட்டு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போனேன். அப்பா வர மாட்டேன் என்று ஒருமுறை சொன்னார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

சுவர் முழுக்கப் பெரிய பெரிய படங்கள். மலேசியாவில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டு வாசலில் ஒரு குடும்பம். லண்டனில் மூன்றாம் மாடி வராந்தாவில் ஒரு குடும்பம். கனடாவில் பனிக்கு நடுவே ஒரு கார் ஷெட்டின் முன்னால் ஒரு தாயும் மகனும். எங்கள் ஹெப்பாள் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகைகூட இருந்தது. ஒவ்வொரு படத்திலும் வரிசையின் ஓரத்தில் அதே ஒரு பெண், சேலை கட்டிக்கொண்டு, யாருடைய தோளிலாவது கை வைத்துக்கொண்டு நின்றாள். அது அத்தை. கையில் அந்த ரப்பர் உருண்டை, அதை அழுத்தித்தான் தன்னையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கிறாள். குழாய் தரையோடு ஓடி எங்களை நோக்கி வந்தது. படத்துக்குக் கீழே ஊர்ப் பெயரும் ஒரு வரியும். "ஐந்து பேரும் நானும்." "இரண்டு பேரும் நானும்."

கடைசிச் சுவரில் எங்கள் கதவு. எண்ணெய் வழிய நான், அம்மா, அப்பா. அப்பாவுக்குப் பக்கத்தில் வெந்தயக்கீரையோடு சொப்பக்கா. கீழே, "மைசூர். நான்கு பேர்."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் சொப்பக்காவைக் காட்டி, "இவங்க உங்க அத்தையா? அப்பா ஜாடை இருக்கே" என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எங்கெங்கேயோ முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அத்தையை நடுவீட்டுக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலாவது ஆளைத் தேடி நான் தெருவில் வெறுங்காலோடு ஓடியபோது, நாலாவது ஆள் எங்கள் வீட்டுக்குள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக எங்கள் கூடத்தில்தான் பாய் விரித்துப் படுத்தாள். அவளை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே என்றேன் அம்மாவிடம்.

"எனக்குந் தோணலியே கண்ணு" என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். நாலாவது குறி யாருக்கு என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்குப் பட்டது. பிறகு, "அம்மிணி, உன் போன்ல இங்க ஒரு போட்டோ எடு" என்றார். நாங்கள் எங்கள் படத்துக்கு முன்னாலேயே நெருங்கி நின்றோம். நான் போனை நீட்டிப் பிடித்தேன்.

"மூணு பேரா நிக்கக் கூடாது, தெரியாதா?" என்றார் அப்பா, படத்தைப் பார்த்துக்கொண்டே. "போயி உங்கத்தயக் கூட்டிட்டு வா."

அத்தை அந்தக் கோடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். எனக்குப் பழகிய வேலைதானே. அத்தை நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, "எந்தப் பக்கம் நிக்கோணும்னு கேளு" என்றாள்.